ஆராத்தித் தட்டும் முட்டையின் உறையும்

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வார இணைப்பின் மருத்துவப் பக்கத்தில் கருக்கட்டலைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. படம் பெரிது, செய்தி சிறிது. கோடிக்கணக்கான விந்துகள் ஓட்டப்பந்தயம் ஓடுகின்றனவாம். எல்லாவற்றையும் முந்திக்கொண்டு வரும் ‘வீரன்’ முட்டையைத் துளைத்து உள்ளே போகிறானாம். முட்டை அதுவரை மணவறையில் தலைகுனிந்திருக்கும் பெண்ணைப்போலக் காத்திருக்கிறதாம். வாசித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தேன். பிறகு எடுத்துத் திரும்பவும் வாசித்தேன்.

1986 முதல் 2017 வரை உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவள் நான். முதற் சில வருடங்கள் நானும் ஏறக்குறைய இதே கதையைத்தான் கரும்பலகையில் வரைந்தேன். ஆகவே எழுதியவரிடம் எனக்குக் கோபமில்லை. ஆனால், இந்தக் கதையை நம்பிய ஊரில் எங்கள் வீட்டில் ஒருவர் பட்ட பாட்டை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதப்போகிறேன். இடமில்லாவிட்டால் என் அலட்டலை வெட்டுங்கள், விஷயத்தை வெட்டாதீர்கள்.

முதலில் படம். உங்கள் ஓவியர் முட்டையைச் செம்மஞ்சள் பந்தாக வரைந்து, சுற்றிப் பேனாவால் ஒரு கோடு இழுத்திருக்கிறார். என் வழக்கு அந்தக் கோட்டோடுதான். மனித முட்டையின் குறுக்களவு ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு, அல்லது அதற்குச் சற்றுக் கூட. உங்கள் பத்திரிகையில் அச்சாகும் முற்றுப்புள்ளியைவிடச் சிறியது. இந்தத் துளியைச் சுற்றி 15 முதல் 20 மைக்ரோமீற்றர் தடிப்பில் ஓர் உறை இருக்கிறது. மெல்லியது என்று தோன்றும். கணக்குப் பாருங்கள்: முட்டையைப் பத்துச் சென்ரிமீற்றர் அகலத்தில் வரைந்தால், உறையை ஒன்றரைச் சென்ரிமீற்றர் தடிப்பிலாவது வரைய வேண்டும். அது பம்பளிமாசுப் பழத்தின் தோல் அளவு. யாராவது பம்பளிமாசை வரைந்துவிட்டுத் தோலை மறந்துபோவார்களா?

விஞ்ஞானிகள் அந்த உறைக்கு வைத்த பெயர் சோனா பெலூசிடா. ஒளி ஊடுருவும் கச்சை என்று பொருள். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கண்ணாடிக் காப்புப்போலத் தெரியும். காப்பு என்ற நம் சொல்லின் இரண்டு பொருளும் அதற்குச் சரியாகப் பொருந்துகின்றன என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

மனிதரில் இந்தக் காப்பு நான்கு புரதங்களால் ஆனது. அவற்றின் பெயர்களில் கவிநயம் எதுவும் இல்லை: இசட்.பி.1, இசட்.பி.2, இசட்.பி.3, இசட்.பி.4. ஆய்வுகூடச் சுண்டெலிக்கு மூன்றுதான், நான்காவதற்குரிய பரம்பரையலகு (ஜீன்) அதில் பழுதாகிக் கிடக்கிறது. இனி எலி என்று எழுதுவது இந்தச் சுண்டெலியைத்தான். இந்தப் புரதங்கள் வெல்லச் சங்கிலிகளைச் சுமந்துகொண்டு, ஒன்றோடொன்று கோத்து இழைகளாகின்றன. இழைகளைக் குறுக்கே பிணைத்துப் பிடிப்பது இசட்.பி.1. எங்கள் ஊர்க் கிடுகுவேலியில் வரிச்சுக் கட்டுவதுபோல என்று சொன்னால் பழைய ஆட்களுக்கு விளங்கும். வரிச்சை அறுத்துவிட்டால் கிடுகு எத்தனை இருந்தும் வேலி நில்லாது. (இந்தப் புரதங்களுக்குப் பொதுவான ஒரு மடிப்பு உண்டு. அதே மடிப்புள்ள வேறு புரதங்கள் சிறுநீரிலும் உட்காதிலும் இருக்கின்றன. காதில் உள்ளது பிழைத்தால் செவிப்புலன் குறையும். எனக்கு இடது காது மந்தமாகி இரண்டு வருடமாகிறது. என் வயதுக்கு அது வேறு காரணத்தால்தான் இருக்கும். ஆனாலும் இந்தச் செய்தியை வாசித்த நாளிலிருந்து காதைத் தடவும்போதெல்லாம் முட்டையின் நினைவு வருகிறது.)

பிள்ளைகளுக்குக் காட்ட மனித முட்டைக்கு நான் எங்கே போவது? கோழி முட்டைதான் கைகொடுத்தது. ஓட்டையோ ஓட்டின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வையோ சொல்லவில்லை. மஞ்சட்கருவைச் சிந்தவிடாமல் பிடித்து வைத்திருக்கிறதே ஒரு மெல்லிய தோல், அதன் உட்படை எங்களுடைய சோனா பெலூசிடாவின் ஒன்றுவிட்ட சகோதரம். அதே குடும்பத்துப் புரதங்களால் ஆனது.

1992 ஆம் ஆண்டு ஒரு வகுப்பு நன்றாக நினைவிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் போர், மின்சாரம் இல்லாத காலம். பொருளாதாரத் தடை. ஒரு முட்டையை உடைப்பதற்கே மனம் வராது. வகுப்புக்கு ஒன்று என்று கணக்கு வைத்திருந்தேன். கோப்பையில் உப்புத் தண்ணீர் விட்டு, ஊர்க்கோழி முட்டையை உடைத்து, வெள்ளையை விரலிடுக்கால் வடியவிட்டு, மஞ்சளை மெதுவாகத் தண்ணீரில் இறக்கினேன். மேலே ஒரு வெள்ளைப் பொட்டுத் தெரிந்தது. அதைச் சுற்றிச் சிறு கத்தரிக்கோலால் வெட்டியதும் மஞ்சள் புகைபோலக் கலைய, ஈர வெங்காயத் தோல்போல ஒன்று மிதந்து வந்தது. தூரிகையால் அள்ளிக் கண்ணாடி வழுக்கியில் விரித்தேன். யன்னலோரத்தில் நுணுக்குக்காட்டியின் ஆடியை வானத்துப் பக்கம் திருப்பி வைத்தோம்; எங்கள் ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டிக்கு மின்சாரம் தேவைப்படாதது அந்த வருடங்களில் பெரிய பாக்கியம். பிள்ளைகள் வரிசையாக வந்து கண்ணை வைத்தார்கள். “ஒன்றுமே தெரியவில்லையே ரீச்சர்” என்றாள் முதலில் பார்த்தவள். அவ்வளவு தெளிவாக இருப்பதால்தான் அதற்கு அந்தப் பெயர் என்றேன். ஆடியைச் சற்றுச் சரித்த பிறகு இழைகள் தெரிந்தன.

கோழியின் விந்துகள் அந்த வெள்ளைப் பொட்டின் மேலுள்ள தோலைத் துளைத்துத்தான் உள்ளே போகின்றன. கோழி ஆராய்ச்சி செய்கிறவர்கள் அந்தத் துளைகளை எண்ணியே சேவலின் வளத்தை மதிப்பிடுவதுண்டு. துளைகள் என்று பன்மையில் எழுதுகிறேன். கோழியில் பல விந்துகள் உள்ளே நுழைந்தாலும் பாதகமில்லை. ஒன்று மாத்திரம் பெண் கருவோடு சேரும், மற்றவை அழிந்துபோகும். மனிதருக்கு இந்தச் சலுகை கிடையாது. இரண்டு விந்து நுழைந்தால் 46 நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) இருக்க வேண்டிய இடத்தில் 69 வந்துவிடும். அந்தக் கரு பெரும்பாலும் ஆரம்பத்திலேயே கலைந்துவிடும். ஆகவே மனித முட்டை ஒன்றை உள்ளே எடுக்க வேண்டும், எடுத்த கையோடு வாசலைச் சாத்தவும் வேண்டும். இந்த இரண்டு வேலைக்கும் பொறுப்பு அந்த உறை.

ஓட்டப்பந்தயக் கதை இங்கேதான் இடறி விழுகிறது. விந்துகள் தம் வேகத்தால் மட்டும் அந்தத் தூரத்தைக் கடப்பதில்லை. கருப்பைத் தசைகளின் அசைவும் அவற்றைக் கொண்டுபோகிறது. கோடிகளில் புறப்பட்டு, முட்டைக்கு அருகே வருவன சில நூறு. எல்லோருக்கும் முந்தி ஓடிவந்த வீரர் உடனே உள்ளே போகவும் முடியாது. பெண்ணின் உடலுக்குள் சில மணித்தியாலங்கள் இருந்து பக்குவப்பட்ட விந்துக்கே கருக்கட்டும் தகுதி வருகிறது என்பதை 1951 இல் சாங் என்பவரும் ஒஸ்ரின் என்பவரும் தனித்தனியே கண்டுபிடித்துவிட்டார்கள். எழுபது வருடத்துக்கு மேலாகியும் அந்தச் செய்தி உங்கள் வார இணைப்புக்கு வந்து சேரவில்லை. இதைவிட மெதுவான ஓட்டம் வேறு இல்லை.

பக்குவப்பட்டு வந்த விந்து உறையில் ஒட்ட வேண்டும். எதில் ஒட்டுகிறது? 1980 இல் பிளைல், வாசர்மன் என்ற இருவர் எலி முட்டையின் உறையில் இசட்.பி.3 தான் அந்த இடம் என்று காட்டினார்கள். நானும் பல வருடம் அப்படியே படிப்பித்தேன். 2012 இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தில் டீன் என்பவரின் குழு ஓர் அழகான சோதனை செய்தது. மனித விந்து எலி முட்டையைச் சட்டை செய்யாது. பக்கத்தில் விட்டாலும் ஒட்டாமல் போய்விடும். அவர்கள் மனித உறைப் புரதங்களின் பரம்பரையலகுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மனித இசட்.பி.2 கிடைத்த எலிகளின் முட்டையில் மட்டும் மனித விந்து போய் ஒட்டியது. ஒட்டியதோடு நில்லாமல் உறையைக் கடந்தும் உள்ளே போனது. ஆனால் முட்டையோடு சேர முடியவில்லை. ஏனென்றால் உறைக்கு உள்ளே முட்டையின் சொந்த மென்சவ்வில் இன்னொரு பூட்டு இருக்கிறது.

அந்த இரண்டாவது பூட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விந்தில் உள்ள திறப்பை (சாவியை) 2005 இல் கண்டவர்கள் ஜப்பானியர். திருமணத்துக்குப் பேர்போன அவர்கள் நாட்டுக் கோயிலின் பெயரால் இசுமோ என்று அழைத்தார்கள். முட்டையில் உள்ள பூட்டை 2014 இல் இங்கிலாந்தில் கண்டார்கள். உரோமரின் திருமணத் தெய்வமான ஜூனோவின் பெயரைச் சூட்டினார்கள். ஆய்வுகூடத்தில் இருப்பவர்களுக்கும் கடைசியில் கோயிலும் தெய்வமும்தான் நினைவுக்கு வருகின்றன.

இனி வாசலைச் சாத்தும் விதம். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. விந்து ஒன்று சேர்ந்தவுடன், முட்டை தன் விளிம்பில் அடுக்கி வைத்திருந்த சிறு பைகளை வெளிப்புறமாகத் திறந்து கொட்டுகிறது. அவற்றுள் ஓவஸ்டசின் என்றொரு நொதியம் (என்சைம்) இருக்கிறது. அது கத்தரிக்கோல்போல இசட்.பி.2 ஐ ஒரு குறித்த இடத்தில் வெட்டுகிறது. வெட்டிய பின் புதிய விந்து எதுவும் அங்கே ஒட்டாது. இது முன்பே தெரிந்த விஷயம். ஏன் ஒட்டாது என்பதை 2024 இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவகத்தைச் சேர்ந்தவர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் விளக்கினார்கள். வெட்டுப்பட்ட இசட்.பி.2 துண்டுகள் தம்முள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. அதனால் இழைகள் நெருங்கி உறை முழுவதும் இறுகிவிடுகிறது. வரிச்சுக்கு மேல் வரிச்சுக் கட்டிய வேலி.

அதே வேளையில் முட்டை இன்னொன்றையும் வெளியே விசிறுகிறது: நாகம். பாம்பைச் சொல்லவில்லை, எங்கள் பாடநூல் துத்தநாகத்தை அப்படித்தான் அழைக்கிறது. சிக்காக்கோவுக்கு அருகே உள்ள நோர்த்வெஸ்டேர்ண் பல்கலைக்கழகத்தில் எலி முட்டையிலும், 2016 இல் மனித முட்டையிலும் இதைப் படம்பிடித்தார்கள். நாகத்தோடு சேர்ந்தால் ஒளிரும் சாயத்தைச் சுற்றிலும் விட்டு வைத்தால், முட்டை விழித்துக்கொள்ளும் கணத்தில் அதைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் பளிச்சென்று தோன்றி மறைகிறது. குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு நாகபூஷணி அம்மனிடம் பிள்ளைவரம் கேட்டுப் போகிற எத்தனையோ பெண்களை எனக்குத் தெரியும். என் அக்காவோடு நானே மூன்று தடவை போயிருக்கிறேன். முட்டை நாகத்தை விசிறும் செய்தியை வாசித்த அன்று, அந்தப் படகின் எண்ணெய் மணமும் அக்காவின் மடியிலிருந்த அர்ச்சனைத் தட்டும் என் கண்முன் வந்தன. விஞ்ஞானம் படித்தவளுக்கு இப்படியெல்லாம் வரலாமா என்று கேட்காதீர்கள். வந்தது.

இறுகிய உறைக்கு வேலை இன்னும் முடியவில்லை. பிரிந்து பிரிந்து வளரும் கலங்களைச் சிதறாமல் ஒரு கட்டாக வைத்திருக்கிறது. பலோப்பியன் குழாயின் சுவரில் இடைவழியில் ஒட்டிவிடாமல் காத்துக் கருப்பைவரை கொண்டுபோகிறது. ஐந்தாறு நாளில் முளையம் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். ஆங்கிலத்திலும் அதற்குக் குஞ்சு பொரித்தல் என்றுதான் சொல்கிறார்கள். நாம் எல்லோரும் ஒரு தடவை முட்டையிலிருந்து பொரித்து வந்தவர்கள்தான்.

இப்போது அக்கா.

அக்காவுக்கு 1973 இல் கல்யாணம். அத்தான் அரசாங்க உத்தியோகம், அமைதியான மனிதர். ஐந்து வருடம் கழிந்தும் பிள்ளை இல்லை. அக்கா கந்தசஷ்டி விரதம் பிடிக்கத் தொடங்கினார். ஆறு நாளும் இளநீரும் பாலும்; ஏழாம் நாள் விடியப் பாரணை. பதினொரு வருடம் ஒன்றும் தவறவில்லை. ‘சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்’ என்ற பழமொழிக்குச் சஷ்டியில் விரதமிருந்தால் அகப் பையாகிய கருப்பையில் பிள்ளை வரும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் பொருள் சொல்வார்கள். நல்ல விளக்கம்தான். ஆனால் சட்டி இரண்டு ஐயா. ஒரு சட்டியை மட்டும் பதினொரு வருடம் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தோம்.

1979 இல் யாழ்தேவியில் கொழும்புக்குப் போய் ஒரு பெண்நோயியல் நிபுணரைப் பார்த்தார்கள். அதற்கு முந்திய வருடம் ஜூலையில் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுண் என்ற முதலாவது சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்திருந்தது. அந்தச் செய்தி வந்த பத்திரிகையை அப்பா வெட்டி வைத்திருந்தார். அந்தத் துண்டுதான் அவர்களைக் கொழும்புக்கு அனுப்பியது என்று நினைக்கிறேன். டொக்டர் அக்காவைப் பரிசோதித்தார். குழாய்க்கும் கருப்பைக்கும் சோதனை எழுதினார். அக்கா எல்லாவற்றையும் செய்து முடித்தார். அத்தானிடமும் சோதிப்பதற்கு விந்து மாதிரி ஒன்று தரும்படி டொக்டர் கேட்டிருக்கிறார். அடுத்த முறை வரும்போது தருகிறேன் என்று அத்தான் சொல்லியிருக்கிறார். அடுத்த முறை என்று ஒன்று வரவில்லை.

அத்தானில் குறை என்று நான் எழுதவில்லை. மாமியார் இரண்டாம் கல்யாணத்துக்கு ஒழுங்கு செய்தபோது சாப்பாட்டில் கை வைக்காமல் மூன்று நாள் இருந்து அதைக் குழப்பியவர் அவர். அக்காவில் குறை என்றும் எழுதவில்லை. ஒருவரைப் பார்த்தார்கள், மற்றவரைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் எங்களிடம் உள்ள சான்று. அந்தச் சான்றை வைத்துக்கொண்டு ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது.

1998 இல் என் மகளின் சாமத்திய வீடு, அதாவது பூப்புனித நீராட்டு விழா. ஆராத்தி எடுக்க அக்காவைத்தான் கூப்பிட்டேன். மகளை ஐந்து வயதுவரை மடியில் வைத்து வளர்த்தவர் அவர். தட்டில் மூன்று வாழைப்பழத் துண்டுகள், மூன்றிலும் திரி, மூன்றும் எரிந்துகொண்டிருக்கின்றன. அக்கா தட்டைத் தூக்கிவிட்டார். உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் எழுந்து வந்து, “அவரிடம் கொடு பிள்ளை, அவர் நாலு பெற்றவர்” என்று பக்கத்தில் நின்ற இன்னொருவரைக் காட்டினார். குரல் கடுமையாக இல்லை. உப்பை எடு என்று சொல்வதுபோலச் சொன்னார். அக்கா தட்டைச் சரிக்காமல், ஒரு திரியும் அணையாமல், கைமாற்றினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். உயிரியல் ஆசிரியை. வாய் திறக்கவில்லை. சபையில் குழப்பம் வேண்டாம் என்று நினைத்தேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அந்த நினைப்பை மென்றுகொண்டிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு நேரம் கிடைத்தது. பேரன் தொலைபேசியில் தேடிக் கொடுக்கும் ஆய்வுக் கட்டுரைகளை வாசிக்கப் பழகினேன். அப்படித்தான் 2014 இல் வெளியான ஒரு கட்டுரை கையில் கிடைத்தது. சீனாவில் ஒரு குடும்பம். அதில் ஆறு பேரிடம் இசட்.பி.1 இன் பரம்பரையலகு இரண்டு பிரதியிலும் பழுது. அந்தப் பழுதான புரதம் நல்ல இசட்.பி.3 ஐயும் கலத்துக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. வெளியே வேலி கட்ட ஆளில்லை. முட்டை உறையே இல்லாமல் நிர்வாணமாக வந்தது. 2017 இல் வேறொரு குழு இசட்.பி.3 இல் ஒரு பிழையைக் கண்டது. அந்தப் பெண்களில் சூலகப் பையை உறிஞ்சி எடுத்தால் உள்ளே முட்டையே அகப்படுவதில்லை.

இப்படிப்பட்ட பெண்ணுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வரலாம். ஸ்கானில் எல்லாம் சரியாகத் தெரியலாம். ஓமோன் கணக்கும் பிழைக்காது. முட்டையை வெளியே எடுத்து நுணுக்குக்காட்டியில் வைக்கும் நாள்வரை யாருக்கும் எதுவும் தெரியாது. 1979 இல் உலகத்தின் எந்த டொக்டராலும் அக்காவுக்கு இதைச் சொல்லியிருக்க முடியாது.

இந்த இடத்தில் ஒரு பிழையான பேச்சையும் திருத்த வேண்டும். பிள்ளை இல்லாத வீட்டைக் கண்டால், ‘சொந்தத்துக்குள் கட்டினார்கள், அதுதான்’ என்று சொல்கிறவர்கள் ஊரில் உண்டு. உறைப் புரதத்தைப் பொறுத்தவரை கணவன் சொந்தமா அந்நியமா என்பதில் ஒன்றுமில்லை. உறையைக் கட்டுவது பெண்ணின் பரம்பரையலகுகள். விந்து வாசலுக்கு வருவதற்கு நெடுநாள் முன்பே, முட்டை சூலகத்தில் வளரும்போதே அது கட்டப்பட்டுவிடுகிறது. இரண்டு பிரதியும் பழுதாக ஒரு பெண் பிறக்க வேண்டுமானால் அவளுடைய தாய், தகப்பன் இருவரும் அந்தப் பழுதை ஒவ்வொரு பிரதியாவது சுமந்திருக்க வேண்டும். தாயும் தகப்பனும் சொந்தக்காரராக இருந்தால் ஒரே பழுதை இருவரும் சுமக்கும் வாய்ப்புக் கூடும். இருவரும் ஒவ்வொரு பழுதான பிரதியைச் சுமக்கும் பெற்றோருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் இரண்டு பிரதியும் பழுதாக வரும். ஆண் பிள்ளைக்கு வந்தால் அவனிடம் முட்டையே இல்லாததால் ஒன்றும் வெளித்தெரியாது. பெண்ணுக்கு வந்தால் ஊருக்கே தெரியும்.

எங்கள் அம்மாவும் அப்பாவும் சொந்த மச்சாளும் மச்சானும். அக்காவும் நானும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள். அக்காவுக்குக் காரணம் இதுதானா என்று கேட்டால், சோதித்துப் பார்க்காமல் ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் நான்கில் ஒன்று என்ற அந்தச் சீட்டு அக்காவின் பெயருக்கு விழுந்திருந்தால், என் பெயருக்கும் அப்படியே விழுந்திருக்கலாம். அன்று ஆராத்தித் தட்டைக் கைமாற்ற வேண்டியவள் நானாகவும் இருந்திருக்கலாம்.

உங்கள் கட்டுரையின் வலது பக்கத்தில் ஒரு பெட்டி போட்டிருந்தீர்கள். குழந்தையின்மைக்குப் பெண்களில் பன்னிரண்டு காரணங்கள். எண்ணினேன், பன்னிரண்டும் வரிசையாக இருந்தன. கடைசியில், ‘சில வேளைகளில் ஆண்களிலும் குறைபாடு இருக்கலாம்’ என்று ஒரு வரி. அந்தப் பக்கத்தின் அடியில், மூன்றே மாதத்தில் பலன் தரும் என்று ஒரு லேகியத்தின் விளம்பரம். உங்களுக்கும் வருமானம் வேண்டும். விளம்பரத்தைப் பற்றி நான் பேசவில்லை. பெட்டியைப் பற்றிப் பேசுகிறேன். ஆணின் விந்தைச் சோதிப்பதற்கு இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளிக்குப் பிறகு ஒரு காலைப்பொழுது போதும். ஊசியும் இல்லை, மயக்கமும் இல்லை. பெண்ணுக்கு எழுதப்படும் சோதனைகளில் குழாய்க்குள் சாயம் செலுத்திப் படமெடுப்பதும், வயிற்றில் துளையிட்டுப் பார்ப்பதும் உண்டு. எது முதலில் செய்யப்பட வேண்டும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டாலும் சொல்லும். முதல் நாளே இருவரும் சேர்ந்து போக வேண்டும் என்று அந்தப் பெட்டியின் முதல் வரியில் போட்டிருந்தால், நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன்.

விந்தின் எண்ணிக்கை சரி, பெண்ணின் ஸ்கான் சரி, ஆனாலும் பிள்ளை இல்லை என்று நிற்கும் தம்பதிகளும் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு விந்து உறையில் ஒட்டாததே காரணமாக இருக்கலாம். 1992 இல் பிரசல்ஸ் நகரத்தில் வெற்றிகண்ட முறை ஒன்று இருக்கிறது: ஒரேயொரு விந்தை மெல்லிய கண்ணாடி ஊசியில் எடுத்து, உறையையும் சவ்வையும் துளைத்து முட்டைக்குள்ளேயே விடுவது. வாசல் திறக்காத வீட்டுக்குக் கூரையைப் பிரித்து இறங்குவது மாதிரி. செலவு கூடியது, எல்லோருக்கும் பலிக்கும் என்றும் இல்லை. ஆனால், ‘வேகம் போதாத வீரன்’ என்றோ ‘மலடி’ என்றோ பெயர் சூட்டுவதால் திறக்காத கதவு இது என்பதையாவது உங்கள் வாசகர்கள் அறிந்துகொள்ளட்டும்.

ஓவியரிடம் சொல்லுங்கள்: அடுத்த தடவை உறையை ஒன்றரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் வரையட்டும். நிறம் தீட்ட வேண்டியதில்லை, அது தெளிவானது. விந்துக்கு முகமும் மீசையும் வேண்டாம்.

அக்காவுக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. அத்தான் 2011 இல் காலமான பிறகு என்னோடுதான் இருக்கிறார். பின்வளவில் பதினொரு கோழிகள் வளர்க்கிறார். நேற்று இந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கோழி முட்டையின் தோலைப் பற்றிய பகுதியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். குசினிக்குள் போய் ஒரு முட்டையை உடைத்துத் தட்டில் விட்டு, வெள்ளைப் பொட்டு எது என்று கேட்டார். காட்டினேன். கரண்டியின் நுனியால் மஞ்சளைத் தொட்டார். தோல் குழிந்து, உடையாமல், திரும்ப எழும்பியது. இன்னும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்து, அத்தானைப் பற்றிய ஒரு வரியை மட்டும் வெட்டச் சொன்னார். வெட்டிவிட்டேன்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை உயிரியல் ஆசிரியை
(பெயர் வெளியிட வேண்டாம்)
கொக்குவில்